இரண்டாவது வெடி

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் வாழும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் நீண்டதொரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். மலையகத்தில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்குப் பெயர்ந்து, அங்கிருந்து மேலும் பல ஊர்களைக் கடந்து கனடாவை அடைந்த குடும்பம் அவருடையது. அங்கு முறைப்படி பயிற்சி பெற்று, ஆயுத உரிமமும் வேட்டை அனுமதியும் எடுத்து, ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மான் வேட்டைக்குச் செல்கின்றவர். இதுவரை கடையில் வாங்கிய ரைபிளே கைவசம் இருந்தது. இப்பொழுது தமக்கென்று ஒன்றைக் கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்துச் செய்விக்க விரும்புகின்றார். குழலை ஓரிடத்தில் வாங்கலாம், பிடங்குக்கான வால்நட் மரத்தை இன்னோரிடத்தில் தேடலாம். ஆனால் இவற்றை ஒன்றாகப் பிணைக்கும் பொறியமைப்பை, ஆக்‌ஷன் என்று அவர்கள் சொல்வதை, முதலில் தெரிவுசெய்தாக வேண்டும். அதிலேதான் அவருடைய கேள்வி இருந்தது.

“எங்கள் தாத்தா துரைக்குத் துவக்குத் தூக்கியவர். அந்தத் துரையின் துவக்கில் இருந்த ஆக்‌ஷன் எது? அதே ஆக்‌ஷனில் எனக்கும் ஒன்று செய்ய வேண்டும்.”

இதை என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் என் தந்தையார் கிளாக்கராகப் பணியாற்றியவர். துரை பங்களாவின் கூடத்தில், கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நின்ற துவக்குகளைச் சிறுவயதில் வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். நான் வேட்டைக்காரன் அல்லன். எனினும், பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் துவக்கைச் சுமந்தவர்கள் பலருடன் பேசக் கிடைத்தது. நண்பருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கு பதிவுசெய்கின்றேன்.

முதலில், இந்த ஆக்‌ஷன் என்பது என்ன? வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடித்துப் பூட்டுகின்றோம். போல்ட் அக்‌ஷன் ரைபிளும் அதையேதான் செய்கின்றது. பின்னால் இழுக்கும்போது வெடித்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே வீசப்படுகின்றது. முன்னால் தள்ளும்போது கீழிருக்கும் பெட்டியிலிருந்து புதிய தோட்டா குழலின் வாய்க்குள் ஏறுகின்றது. கைப்பிடியை மடித்ததும் கதவு பூட்டிக்கொள்கின்றது. முதலாவது வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் இடையில் நடப்பது இவ்வளவும்தான். முதல் வெடி குறி தப்பாமல் விழுந்தால் எந்தத் துவக்கும் நல்ல துவக்குத்தான். முதல் வெடி தவறிய பின்னரே ஆக்‌ஷனின் குணம் தெரியவரும்.

நுவரெலியாவின் வேட்டை வரலாறு தொடங்கியபோது இந்தத் தாழ்ப்பாள் இருக்கவில்லை. 1846இல் இலங்கைக்கு வந்து, 1848இல் நுவரெலியாவில் குடியேறி, 1855வரை அங்கு வாழ்ந்த சாமுவேல் பேக்கர் கையாண்டவை வாய்வழியாக மருந்து இடிக்கும் துவக்குகள். ஹோர்ட்டன் சமவெளியின் பேக்கர் நீர்வீழ்ச்சி அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கின்றது. மலைச்சாரலில் மரை வேட்டைக்கு அவர் பெரும்பாலும் வேட்டை நாய்களையும் கத்தியையுமே நம்பினார். கீழ்நாட்டு யானைகளுக்குத்தான் துவக்குகள். மருந்தைக் கொட்டி, சன்னத்தை வைத்து, கோலால் இடித்து, மீண்டும் குறிபார்க்கும் வரையில் காயப்பட்ட யானை காத்து நிற்காது. ஆகவே வேட்டைக்காரருக்குப் பின்னால் மூன்று நான்கு நிரப்பிய துவக்குகளோடு ஆட்கள் நின்றார்கள். ஒன்று வெடித்ததும் அடுத்ததை அவருடைய கையில் திணிப்பது அவர்கள் வேலை.

அந்நாளில் ஆக்‌ஷன் என்பது ஒரு மனிதன் என்று சொன்னால் அது மிகையாகாது. அவன் நின்றால் இரண்டாவது வெடி உண்டு. அவன் ஓடினால் இல்லை. வெள்ளைக்காரர் எழுதிய வேட்டை நூல்களில் துவக்குத் தூக்கிகள் ஓடிய கதைகள் ஏராளம். தப்பி ஓடக்கூடிய ஓர் உயிரைப் பொறியின் பாகமாக வைத்திருந்தவர்களுக்கு, அவன் ஏன் ஓடினான் என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அதே காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பெயர்பெற்ற மேஜர் தோமஸ் ரொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவரது கல்லறை இருக்கின்றது. அவருக்குத் துவக்குத் தூக்கியவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலத்தில் துவக்கும் மாறியது. ஜேர்மனியின் ஓபன்டோர்ஃப் நகரத்தைச் சேர்ந்த பவுல் மவுசர் பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி அமைத்த ரைபிளை 1898இல் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்டது. இன்று உலகில் செய்யப்படும் வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்த 98ஆம் மாதிரியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அமெரிக்கப் படையின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளுக்காக அந்நாட்டு அரசே மவுசர் நிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்த நேர்ந்தது.

அந்த அமைப்பின் உயிர்நிலை ஒரு கொக்கி. தாழின் பக்கவாட்டில் நீளமாகப் படுத்திருக்கும் எஃகு நகம். பெட்டியிலிருந்து தோட்டா மேலெழும் கணத்திலேயே அதன் அடிவிளிம்பு இந்த நகத்துக்குள் நழுவிப் புகுந்துவிடுகின்றது. அதன் பின்னர் தோட்டா தாழின் பிடியிலேயே இருக்கும். உள்ளே போகும்போதும் பிடி, வெளியே வரும்போதும் பிடி. வேறு பல அமைப்புகளில் தாழ் தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகின்றது. கொக்கி கடைசி நேரத்தில்தான் விளிம்பைக் கவ்வுகின்றது. கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துத் தொழுவத்துக்குள் கொண்டுபோவதற்கும், பின்னால் நின்று தள்ளிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. சாதாரண நாளில் இரண்டு வழியிலும் கன்று தொழுவத்துக்குள் போய்ச் சேரும். பதற்றமான நாளில்தான் வேறுபாடு தெரியும். பதறிய கை தாழைப் பாதிவரை தள்ளிவிட்டு மறுபடி பின்னால் இழுத்தால், தள்ளப்பட்ட தோட்டா குழலுக்குள்ளேயே தங்கிவிடும், அதன் முதுகில் அடுத்த தோட்டா வந்து முட்டும், துவக்கு இறுகிவிடும். மவுசரில் நகம் அந்தத் தோட்டாவைப் பற்றியபடியே வெளியே கொண்டுவந்துவிடும்.

இங்கிலாந்தின் பெயர்பெற்ற துவக்குச் செய்வோர் இதை விரைவில் புரிந்துகொண்டனர். இலண்டனின் ஜோன் ரிக்பி நிறுவனம் மவுசரின் பிரித்தானிய முகவராகி, ஓபன்டோர்ஃபிலிருந்து ஆக்‌ஷன்களை வரவழைத்து, அவற்றின்மீது தன்னுடைய குழலையும் பிடங்கையும் பொருத்தி விற்றது. பெரிய தோட்டாக்களுக்காக நீளமான மவுசர் ஆக்‌ஷனும் பிறந்தது, 1911இல் வெளிவந்த.416 ரிக்பி அதன்மீது எழுந்ததுதான். நண்பர் இன்று செய்ய விரும்புவதும் இதே காரியம்தான்: ஆக்‌ஷன் ஓரிடம், குழல் ஓரிடம், மரம் ஓரிடம். இரட்டைக்குழல் ரைபிள் ஒன்றின் விலை மவுசரைப்போலப் பல மடங்கு. பெரியதுரை இரட்டைக்குழல் வைத்திருந்தால், சின்னத்துரைக்கு மவுசர் எட்டியது.

1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கோர்பெட்டுக்கு ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் வழங்கிய .275 ரிக்பியும் மவுசர் ஆக்‌ஷன் கொண்டதே. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்திய பெல், அவற்றில் பெரும்பாலானவற்றை அதே சிறிய அளவைக் கொண்டுதான் வீழ்த்தினார். எல்லோரும் மவுசரின் பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜவளகிரி, பென்னாகரம் என்று தமிழ் ஊர்ப்பெயர்களை வேட்டை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த பெங்களூர் கென்னத் அண்டர்சன், நெம்புகோலால் இயங்கும் .405 வின்செஸ்டரையே கடைசிவரை விரும்பினார். ஒஸ்திரியாவின் மான்லிக்கர்-ஷோனவர் ரைபிளில் தோட்டாக்கள் சுழலும் உருளை ஒன்றில் அமர்ந்திருக்கும். அதன் தாழ் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும் என்று அதை வைத்திருந்தோர் பெருமைப்படுவர். ஆனால் தாழின் கைப்பிடி போய்வர அதன் மேற்பாலம் நடுவில் பிளந்திருப்பதால், தொலைநோக்கி பொருத்துவது பெருஞ்சிரமம்.

பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்ட் இன்னொரு வகை. பத்துத் தோட்டாக்கள், மிக வேகமான தாழ். அதைப் பூட்டும் புடைப்புகள் தாழின் பின்புறத்தில் இருப்பதால் அழுத்தம் மிகுந்த தோட்டாக்களுக்கு அது ஏற்றதன்று. மவுசரிலோ முன்புறத்தில் இரண்டு, காப்புக்காகப் பின்னால் மூன்றாவது ஒன்று. தோட்டாவின் அடிப்பகுதி வெடித்துப் பின்னால் தீ வந்தாலும், அதைச் சுடுபவரின் கண்ணில் படாமல் திருப்பிவிடத் துளைகளும் தடுப்பும் உண்டு. சுடுபவரின் முகத்தைப் பற்றி இத்தனை கரிசனையோடு யோசித்த பொறி அது.

இந்த இடத்தில் ஒரு வரலாற்று முரண். ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மட்டுமே அங்கம் வகித்த இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை 1900இல் உருவானது. 1914 ஒக்டோபரில் அதன் ஒரு பிரிவு கொழும்பிலிருந்து கப்பலேறி எகிப்துக்கும், 1915இல் கலிப்போலிக்கும் போனது; அங்கு ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாக நின்றது. பங்களா அலுமாரியில் மவுசரை விட்டுவிட்டு வந்தவர்கள், கையில் லீ-என்ஃபீல்டோடு அங்கு நின்றார்கள். எதிரே மேட்டில் இருந்த துருக்கியப் படைவீரர்களின் கைகளில் இருந்தவை மவுசர்கள்.

இனி, நண்பரின் தாத்தாவைப் போன்ற ஒருவரிடம் வருகின்றேன்.

1982ஆம் ஆண்டு, மஸ்கெலியாப் பகுதியில் லயங்களின் நிலை குறித்த கட்டுரைத் தொடருக்காகச் சென்றிருந்தபோது, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். இளமையில் துரையின் துவக்கைச் சுமந்தவர். வேட்டை முடிந்த இரவில் துவக்கைக் கழுவும் வேலையும் அவருடையதுதான். அக்காலத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்து குழலுக்குள் உப்பைப் படியவிடும். மலைநாட்டு ஈரத்தில் ஓரிரவு விட்டால் துரு கண்டுவிடும். ஆகவே கொதிநீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றி, துணிகொண்டு துடைத்து, எண்ணெய் இடுவார்கள். “அதே கேத்தல்லதான் தொரைக்குத் தேத்தண்ணியும் கொதிக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். மழை மாதங்களில் மரப்பிடங்கு ஈரத்தை உறிஞ்சிப் பருத்துக் குழலை நெருக்கும், அப்போது குறி ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் படித்து அவர் அதை அறிந்திருக்கவில்லை.

இரட்டைக்குழலை அவர் “ஜோடி” என்றார். மற்றதைத் “தாழ்ப்பாத் துவக்கு” என்றார். வெடி கேட்டதும் மிருகம் விழுந்ததா என்று பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

“மிருகத்த எதுக்குங்க ஐயா பாக்கணும்? அது வந்தா தானாத் தெரியும். நாங்க தொரை கையத்தான் பாப்போம். கை பின்னால போயி முன்னால வந்திருச்சுன்னா மூச்சு விடுவோம். தாழ்ப்பா சத்தம் ரெண்டு தரம் கேக்கணும். ஒரு தரம் கேட்டு நின்னுச்சுன்னா, ஓட வேண்டியதுதான்.”

ஒரு தரம் கேட்டு நின்ற நாளொன்றையும் சொன்னார். லயத்துத் தொழுவத்தில் கன்றுகளைப் பிடித்த சிறுத்தை. சின்னத்துரை மாலை வெளிச்சத்தில் சுட்டார். காயத்தோடு அது மானாப்புல்லுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலை, புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர்கள் இருவர். ஒருவர் இவருடைய அண்ணன். அவர்களுக்குப் பின்னால் சின்னத்துரை. அவருக்கும் பின்னால் துவக்குப் பையோடு இவர். சிறுத்தை புல்லிலிருந்து எழுந்தது. முதல் வெடி மண்ணில் பட்டது. “சின்னத்தொரை பாதிதான் இழுத்தாரு. வெடிச்ச வெத்துக் கூடே திரும்பவும் உள்ள போயிருச்சு. விசைய அமுக்குறாரு, டிக்குங்குது. அதுக்குள்ள அண்ணன் கையி அது வாயில.”

அண்ணன் உயிர் தப்பினார். இடது கை தப்பவில்லை. அதன் பின்னர் அவரால் கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாமற் போனது. அரைப் பேர் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு கம்பளியும் பத்து ரூபாவும் கொடுத்தார்களாம். சிறுத்தையைப் பிற்பாடு பெரியதுரை வந்து ஜோடியால் சுட்டார். அதன் தோல் பங்களாவின் கூடத்தில் பல வருடம் கிடந்தது என்றும், அதைத் தட்டித் துடைக்கும் வேலையும் தன்னிடமே இருந்தது என்றும் அந்தப் பெரியவர் எவ்விதக் கசப்புமின்றிச் சொன்னார்.

அன்றைய என் கட்டுரையில் இந்தக் கதைக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னர் துவக்குகளைப் பற்றி எதை வாசித்தாலும் அந்த வெறுங்கூடு என் நினைவில் எழும். மவுசரின் நகம் பல தவறுகளை மன்னிக்கும். பாதியில் இழுத்த கையை மட்டும் அது மன்னிப்பதில்லை. தாழைக் கடைசிவரை இழுத்தால்தான் உள்ளே நிலையாக நிற்கும் தகடு வெறுங்கூட்டைத் தட்டி வெளியே எறியும். அதற்கு முன்னால் கை திரும்பினால், நகம் தன் கடமையைச் செய்து, அதே கூட்டை அதே இறுக்கத்தோடு பற்றி மீண்டும் குழலுக்குள் வைத்துவிடும்.

ஆகவே நண்பருக்கு நான் எழுதிய பதில் இது.

நகம் உள்ள ஆக்‌ஷனையே தெரிவுசெய்யுங்கள். தள்ளிவிடும் அமைப்புகள் தரம் குறைந்தவை அல்ல. 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் உடல் வெறும் உருளை, கடைந்து நேராக்க எளிது, விலையும் குறைவு, தோட்டாவின் அடியைச் சுற்றி எஃகு வளையங்கள் அணைத்திருப்பதால் பலமும் அதிகம். குறிபார்ப்புப் போட்டியாளர் பலர் அந்த வகையை நாடுவதற்குக் காரணம் உண்டு. தூரத்தில், படுத்தபடி, நிதானமாக, ஒரே வெடியில் முடியும் வேட்டை என்றால் அதுவே போதும். மவுசர் 98க்குக் குறைகளும் உண்டு. தாழைத் திறந்தால் சற்றே ஆடும். சிறகு போன்ற அதன் பழைய பாதுகாப்பு விசை தொலைநோக்கியில் இடிக்கும், மாற்ற வேண்டிவரும். பெட்டியைத் தவிர்த்து ஒற்றைத் தோட்டாவைக் குழலில் போட்டு மூடினால், நகம் விளிம்பின்மேல் ஏற மறுக்கும். கடைவதற்குக் கூலியும் அதிகம்.

அந்தக் கூலியைக் குறைக்க நினைத்தவர்கள் பட்ட பாடு ஒன்றுண்டு. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனத்தின் 70ஆம் மாதிரி மவுசரின் நகத்தோடு 1936இல் வெளிவந்தது. 1964இல் செலவைக் குறைப்பதற்காக நகத்தை எடுத்துவிட்டார்கள். வாங்குவோர் கவனிக்கமாட்டார்கள் என்று எண்ணினார்கள் போலும். விளைவு, ‘64க்கு முந்தியது’ என்பதே வேட்டைக்காரரிடையே ஒரு தர முத்திரை ஆகிவிட்டது. பழைய துவக்குகளின் விலை ஏறியது. 1990களில் நிறுவனம் நகத்தை மீண்டும் கொண்டுவந்தது. ஆக, நகம் வேண்டுமென்றால் மவுசர் என்ற பெயர்தான் வேண்டுமென்பதில்லை. அந்த 70ஆம் மாதிரி இருக்கின்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வேட்டை ரைபிள்களுக்கென்றே செய்த ஆக்‌ஷன்கள் பழைய சந்தையில் இருக்கின்றன. சேர்பியாவின் ஸாஸ்தவா இருக்கின்றது. பணம் தாராளமாக உள்ளவர்களுக்கு, ரிக்பி நிறுவனமே மீண்டும் மவுசர் ஆக்‌ஷன்மீது ரைபிள்கள் செய்கின்றது.

போர்க்காலப் பழைய ஆக்‌ஷன் மலிவாகக் கிடைத்தால், தேர்ந்த கைவினைஞர் எஃகின் பதத்தைச் சோதித்துச் சொல்லும்வரையில் அதன்மீது குழல் ஏற்ற வேண்டாம். தொடக்ககால ஸ்பிரிங்ஃபீல்டுகளில், தொடர் இலக்கம் 800,000க்குக் குறைந்தவற்றின் உடல், பதம் பிழைத்ததால் நொறுங்கக்கூடியது என்று பெயரெடுத்தது. தோட்டாவின் நீளத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற நீளமுள்ள ஆக்‌ஷனைத் தேடுங்கள். நீளமான ஆக்‌ஷனில் குட்டைத் தோட்டாவையும் குட்டையான ஆக்‌ஷனில் நீண்ட தோட்டாவையும் ஒப்பேற்றுவது பின்னால் வில்லங்கம். பெட்டியின் உட்சுவர்கள் அந்தத் தோட்டாவுக்கென்றே அமைந்திருக்க வேண்டும். நகம் இருந்தும் தோட்டா ஏறாமல் சிக்கும் துவக்குகளில் பல, பெட்டி பொருந்தாதவையே.

எல்லாம் முடிந்து துவக்கு கைக்கு வந்ததும், மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தாழைக் கடைசிவரை இழுக்கப் பழகுங்கள். பதறினாலும் பாதியில் திரும்பாத கை ஒன்று உங்களுக்கு வேண்டும்; அதை எந்தக் கைவினைஞராலும் பொருத்தித் தர முடியாது.

உங்கள் தாத்தாவின் துரை என்ன வைத்திருந்தார் என்பதற்காக எதையும் தெரிவுசெய்ய வேண்டாம் என்றும் எழுதினேன். துரை அதைத் தெரிவுசெய்தது தம் கைக்காகவும் தம் முகத்துக்காகவும். முன்னால் புல்லை விலக்கி நடந்தவருக்கு அந்தத் தெரிவில் ஒரு வார்த்தைகூட இருக்கவில்லை. பேரன் தெரிவுசெய்யும்போது, பட்டியலில் தாத்தா நின்ற இடத்திலிருந்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். உங்களோடு காட்டுக்கு வரும் நண்பர் உங்கள் கையைப் பார்த்து மூச்சு விடக்கூடியவராக இருக்க வேண்டும்.

இதோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால், மலையகத்தில் இன்று வேட்டை என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்பர்.

வனவிலங்குகளைக் காக்க முதலில் சங்கம் அமைத்தவர்களிலும் துரைமார் இருந்தனர். 1894இல் உருவான வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம்தான் இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம். துரைமாரின் வேட்டை விளையாட்டு எனப்பட்டது; லயத்துக்காரன் இறைச்சிக்காகப் பன்றி பிடித்தால் அது களவு எனப்பட்டது. 1916இன் துவக்குச் சட்டமும் 1937இன் வனவிலங்குக் கட்டளைச் சட்டமும் வந்தன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கிளர்ச்சியாளர்கள் வீடு வீடாகத் துவக்குகளைத் தேடினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகின. கண்ணாடி அலுமாரிகள் வெறுமையாயின. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பின் சுவர்களில் மான் தலைகள் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

துவக்கு போயிற்று, கம்பி வந்தது. தேயிலைக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள ஓடைக்கரைகளில், மரக்கறித் தோட்டங்களின் ஓரங்களில், சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த சுருக்குகள். பன்றிக்கென்று வைக்கப்படுபவை. பன்றி ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் கிழங்குப் பாத்தியை உழுதுவிடும் என்பதையும், அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி எதுவும் காட்டப்படவில்லை என்பதையும் மறந்து இதைப் பேசக்கூடாது. ஆனால் பன்றி நடக்கும் வழியில்தான் சிறுத்தையும் நடக்கின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய கம்பியொன்றில் அகப்பட்டது, இலங்கையில் மிக அரிதான கருஞ்சிறுத்தை. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் அது இறந்தது.

பழைய துவக்குகள் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவற்றின் கணக்கில் எழுதப்படாத கைகள் பல. ஆயினும், தாழ்ப்பாத் துவக்கில் முதலாவது வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் இடையில் ஒரு மனிதன் இருந்தான். பார்க்கலாம், நிறுத்தலாம், விட்டுவிடலாம். கம்பியில் அந்த இடைவெளி இல்லை. வைத்தவன் லயத்தில் உறங்கும் வேளையில், வந்தது பன்றியா, சிறுத்தையா, விறகு பொறுக்க வந்த பிள்ளையின் காலா என்று கேளாமல் அது இறுகும். கம்பிகளைத் தேடி அகற்ற வனவிலங்கு அதிகாரிகள் மட்டும் போதமாட்டார்கள். எந்த மலையில் எந்த ஓடையோரம் எது வைக்கப்பட்டிருக்கின்றது என்பது கொழுந்து பறிக்கப் போகின்றவர்களுக்கும் கவ்வாத்து வெட்டுகின்றவர்களுக்கும்தான் தெரியும். அவர்களைச் சந்தேக நபர்களாகப் பார்க்காமல், பாத்திக்கு வேலியும் அழிந்த பயிருக்கு இழப்பீடும் முதலில் கொடுத்து, அதன் பின்னர் அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். துரைக்குப் புல்லை விலக்கி வழிகாட்டியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.